பேட்டரி தின்னும் பூதம்

அந்த வீட்டில் குப்பை போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சமையலறை மூலையில் வரிசையாக மூன்று வாளிகள். பச்சை வாளிக்குத் தோலும் சாப்பாட்டு மிச்சமும், நீல வாளிக்குக் காகிதமும் அட்டையும், மஞ்சள் வாளிக்குக் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக். வீட்டுக்கு வருகிறவர்கள் டீ குடித்துவிட்டு, நூல் தொங்கும் டீப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு முழிப்பார்கள். "எதுல போடணும்னு அந்த அம்மாகிட்டயே கேட்டுக்கோங்க" என்று வீட்டுக்காரி தன் எட்டு வயது மகளைக் கைகாட்டிவிடுவாள். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"தூள் பச்சையில. பை நீலத்துல. பின் இருக்கே, அதைத் தனியா எடுத்து என்கிட்ட குடுங்க."

அதனாலேயே அவளுக்கு வீட்டில் டீச்சரம்மா என்று பெயர். தம்பிக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நின்ற இடத்தில் நிற்காத பிள்ளை. அவன் பெயர் வாண்டு.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அப்பா. நகரத்துக் குப்பையைப் பிரிக்கும் கூடத்தில் அவன் மேற்பார்வையாளர். கன்வேயர் பெல்ட்டில் ஊர் மொத்தமும் தூக்கியெறிந்தது நாள் முழுக்க அவன் கண்முன்னால் ஓடும். ஒரு வாய்கூட வைக்காத சாப்பாடு, விலைச்சீட்டு கிழிக்காத சட்டை, நன்றாக எரியும் டார்ச் லைட். பார்த்துப் பார்த்து அவனுக்கு வயிறு எரியும். நம்ம பிள்ளைங்களாவது இப்படி வளரக்கூடாது என்பது அவன் பிடிவாதம்.

அதிலும் பேட்டரி விஷயத்தில் அவன் ராட்சசன். போன வருடம் யாரோ காகிதக் குப்பையோடு போட்ட பேட்டரி ஒன்று அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கித் தீப்பிடித்துவிட்டது. பெல்ட் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணின் கை முழங்கைவரை வெந்துபோனது. அன்று வீட்டுக்கு வந்தவன் சோறுகூடச் சாப்பிடாமல் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கையைப் பற்றிச் சொன்னான். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டான். "குழந்தைகிட்ட எதை எதைச் சொல்றதுன்னு இல்லையா?" என்று மனைவி கடிந்துகொண்டாள். மகளோ அதற்குப் பிறகு பல நாள் டிவி ரிமோட்டைத் தொடவே பயந்தாள்.

அந்தப் பயத்தைப் போக்கத்தான் அவன் பூதத்தைச் செய்தான். பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் உருட்டு விழி, கோணல் மூக்கு, வரிசைப் பல். நடுவில் பிளந்த வாய். தீர்ந்துபோன பேட்டரியை அந்த வாயில் போட வேண்டும். நிறைந்ததும் அவனே கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பத்திரமாக ஒப்படைப்பான். பிள்ளைகள் இருவர் கைக்கும் எட்டட்டும் என்று செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தான்.

"பூதத்துக்குப் பசிக்குது! யாரு சோறு போடப் போறீங்க?" என்று பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கரகரவென்று ஆக்கி "ஆஆஆ" என்பான். டீச்சரம்மா ஓடி வந்து போடுவாள். வாண்டுக்குப் போட எதுவும் இருக்காது. அவனும் பூதத்தைப் பார்த்து வாயை ஆவென்று பிளந்துகொண்டு நிற்பான். வீடே சிரிக்கும்.

"குப்பைக்குச் சோறூட்டுற வீடு ஊர்லயே நம்ம வீடு ஒண்ணுதாங்க" என்பாள் மனைவி.

அது ஒரு சனிக்கிழமை. மனைவிக்கு பேக்கரியில் வேலை, சாயங்காலம்தான் வருவாள். பிள்ளைகள் அவன் பொறுப்பு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சின்னச் சின்ன ரிப்பேர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாவு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு எண் காட்டாமல் கிடந்தது. திருப்பி, மூடியைக் கழற்றி, காசு மாதிரி வட்டமாக இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தான். புதியதைப் பொருத்தினான்.

"டீச்சரம்மா! பூதத்துக்குச் சாப்பாடு ரெடி!"

அவள் ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். வாண்டு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனான். அப்பன் குளியலறைக்குள் நுழைந்தான். சொட்டிக்கொண்டே இருந்த குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும்.

ஹாலிலிருந்து மகளின் குரல் கேட்டது. பள்ளிக்கூட விளையாட்டு.

"இது என்ன? வாழைப்பழத் தோல். எதுல போடணும்? அது மஞ்சள்டா! தப்பு. திரும்ப யோசி."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நாம் சொன்னதை இவள் அவனுக்குச் சொல்கிறாள், அவன் நாளைக்கு யாருக்கோ சொல்வான் என்று நினைத்துக்கொண்டே ஸ்பேனரைத் திருகினான். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு சத்தமே இல்லை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தம் நின்றால் பெற்றவனுக்குக் காது விடைத்துக்கொள்ளும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வாண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். வாயிலிருந்து எச்சில் கோடாக வழிந்து சட்டை நெஞ்சுப்பக்கம் நனைந்திருந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், சட்டைக் காலர் இறுக்குகிற மாதிரி.

"என்னடா ராஜா, தொண்டை வலிக்குதா?"

நெற்றியைத் தொட்டான். சூடு இல்லை. பல் முளைக்கிறதோ, சளி பிடிக்கிறதோ என்று நினைத்தான். பாதி வாழைப்பழம் கிடந்தது, கிள்ளி ஊட்டினான். வாண்டு ஒரு தரம் விழுங்கப் பார்த்தான். முகம் கோணியது. அப்படியே வெளியே துப்பிவிட்டு, வாயைத் திறந்து சத்தம் வராமல் அழுதான். பிறகுதான் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வழக்கமான அழுகை மாதிரி இல்லை.

மகள் ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். எதற்கெடுத்தாலும் முன்னால் வந்து நிற்கிறவள், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

தரையில் பாடத்துக்கு எடுத்துவைத்த சாமான்கள் ஒழுங்காக இருந்தன. தோல், பழைய கவர், பால் பாக்கெட். பக்கத்தில் பூதம்.

"பேட்டரியைப் போட்டியாம்மா?"

"ம்."

அந்த "ம்" அவனுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தான். கடிகாரத்து பேட்டரிகளும் ரிமோட் பேட்டரிகளும் கடகடவென்று உருண்டன. எல்லாம் நீளமானவை. வட்டமாக ஒன்றுமில்லை.

அவன் வாண்டின் வாயைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கீழே விழுந்து உருண்டிருக்கும். ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் படுத்தான். ஹேர் கிளிப், பொம்மைக் கார் சக்கரம், உலர்ந்த ரொட்டித் துண்டு. சுவரோரம் ஏதோ மினுங்கியது. "அப்பாடா!" என்று கையை நீட்டி இழுத்தான். பாட்டில் மூடி.

"அப்பா." மகளின் குரல் ஒடுங்கியிருந்தது. "அங்க இருக்காதுப்பா."

அவன் படுத்தபடியே திரும்பினான்.

"தம்பிதான் பூதம்னு சொன்னான். நான்தான் பூதம், எனக்குக் குடுன்னு ஆ காட்டினான். நான் குடுக்கலப்பா. கையில வச்சிருந்தேன். அவன் புடுங்கிட்டான்." தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "துப்புடான்னு சொன்னேன். பூதம் துப்பாதுன்னு சொல்லிட்டான்."

தீ விபத்துக்குப் பிறகு கூடத்தில் ஒரு பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்தவர் ஈரமான இறைச்சித் துண்டின் மேல் இதே மாதிரி ஒரு வட்ட பேட்டரியை வைத்தார். பேச்சு முடிந்து எடுத்தபோது, பேட்டரி இருந்த இடத்தில் இறைச்சி கருகிக் குழிந்திருந்தது. தீர்ந்துபோன பேட்டரியாக இருந்தாலும் ஈரம் பட்டால் இந்த வேலையைச் செய்யும் என்றார் அவர். அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டது. இப்போது அந்தக் குழி அவன் கண்முன்னால் வந்து நின்றது.

எழுந்தான். ஆஸ்பத்திரியின் அவசர உதவி எண்ணை அழுத்துவதற்குள் விரல் இரண்டு முறை தவறியது. எடுத்தவள் ஒரு நர்ஸ். பதறாமல் கேட்டாள்.

"என்ன வயசு? ஒரு வயசு தாண்டிடுச்சுல்ல? மூச்சு நல்லா விடுறானா? சரி. வீட்ல தேன் இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு டீஸ்பூன் உடனே குடுங்க. வர்ற வழியிலயும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குடுங்க. விழுங்க முடியலன்னா கட்டாயப்படுத்த வேண்டாம். வேற எதுவும் குடுக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தேன் புண்ணைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதை நம்பி லேட் பண்ணிடாதீங்க. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறதைவிட வண்டி இருந்தா கிளம்பிடுங்க. நான் இங்க சொல்லி வைக்கிறேன்."

எதிர் வீட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர் இருந்தார். சிவப்பு எழுத்துப் பலகை வைத்த கார், இரண்டு பக்கமும் பிரேக். தெருவில் அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்து, சைக்கிளில் போகிற பிள்ளைகள் டாட்டா காட்டிவிட்டு முந்திப் போவார்கள். கதவைத் தட்டிய தட்டில் பனியனோடு வெளியே வந்தவர், பிள்ளையின் வாயைப் பார்த்தார், அப்பன் முகத்தைப் பார்த்தார்.

"ஏறுப்பா" என்றார்.

அன்றைக்கு அவர் ஓட்டியது வேறு ஓட்டம். மகள் முன் சீட்டில் தேன் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலுக்குக் கீழே இருந்த பிரேக்கை மிதித்துவிடுவாளோ என்று பயந்து "காலை மேல தூக்கிக்கோ கண்ணு" என்றார் அவர். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பின் சீட்டில் வாண்டு அப்பன் மடியில். ஸ்பூனைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொண்டான்.

"கொஞ்சம்தான்டா செல்லம். அப்பாவுக்காக."

பிள்ளை விழுங்கினான். விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எச்சிலில் லேசாக ஒரு கறுப்பு தெரிந்தது. அது தேனின் நிறம்தான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிக்னலில் கார் நின்றபோது அவனுக்கு இறங்கி ஓடலாமா என்றிருந்தது. பக்கத்து காரில் யாரோ பாட்டுக் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்கள்.

வழியிலேயே மனைவிக்கு ஃபோன் செய்தான். "பேட்டரி" என்ற ஒரு வார்த்தை சொன்னான். அந்தப் பக்கம் தட்டு ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் நின்றது. படம் எடுத்து முடித்ததும் பெண் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். விலா எலும்புகள் மீன் முள் மாதிரி வெளுத்துத் தெரிய, நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.

"காசுன்னா ஒரு கோடுதான் இருக்கும். இது ரெண்டு இருக்கு பாருங்க. பேட்டரிதான். உணவுக்குழாயில நிக்குது. மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம். எடுக்கிறது கஷ்டம் இல்ல. அது உள்ள என்ன பண்ணி வச்சிருக்குங்கிறதுதான் விஷயம். கையெழுத்துப் போடுங்க."

போட்டான். அது அவன் கையெழுத்து மாதிரியே இல்லை. வாண்டை அவன் தோளிலிருந்து பிரித்து எடுத்தார்கள். பிள்ளை "ப்பா" என்றான். குரல் கம்மிப்போயிருந்தது. கதவு மூடிக்கொண்டது.

மனைவி ஓடி வந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை; புருவத்தில் மாவு. நடந்ததை அவன் சொல்லச் சொல்ல அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"பூதம்" என்றாள். "விளையாட்டாச் சொன்னாதான் பதியும்னு சொன்னீங்க. பதிஞ்சிருக்கு பாருங்க."

அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்க்கத் தொடங்கினாள். மகள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா திரும்பவில்லை. அவள் கை தூக்கினால் மகள் தோளில் படும். கை மடியிலேயே கிடந்தது. மகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாக நகர்ந்து எதிர்ச் சுவரோரம் போய்க் குந்திக்கொண்டாள். தேன் பாட்டில் இன்னமும் கையில் இருந்தது.

அதை அவன் பார்த்துவிட்டான். உள்ளே ஒரு பிள்ளை, வெளியே ஒரு பிள்ளை. எந்தக் கதவைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நான் கேட்டப்ப ஏன்மா 'ம்'னு சொன்னே?"

"பேட்டரி வெளிய போனா யாருக்காவது கை வெந்துடும்னு சொன்னீங்களேப்பா. நான் பூதத்துக்குப் போடலன்னு தெரிஞ்சா நீங்க..." விம்மினாள். "திட்டுவீங்கன்னு பயம். அவன் துப்பிடுவான்னு நினைச்சேன்."

அவன் அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான்.

"அப்பா, சாதா குப்பையில போட்டிருந்தா தம்பிக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

ஆமாம் என்று சொல்லலாம். அது பொய் இல்லை. இல்லை என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை.

"சேர்த்து வைக்கச் சொன்னது தப்பில்ல கண்ணு" என்றான் கடைசியில். "உன் கையில குடுத்துட்டு நான் உள்ள போனேன் பாரு, அது தப்பு. பெட்டியைக் கீழ வச்சேன், அது தப்பு. ரெண்டும் நான் பண்ணது. நீ பண்ணல."

அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"எடுத்தாச்சு" என்றார். மனைவி "கடவுளே" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் போகவில்லை. "ஒரு பக்கம் வெந்திருக்கு. ஓட்டை விழல. சீக்கிரம் வந்தீங்க, தேன் குடுத்தீங்க, அது நல்லது. ஆனா பேட்டரியை எடுத்ததும் முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. புண் உள்ள இறங்கலாம். பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் இருக்கு. கொஞ்ச நாள் இங்கயே இருக்கணும். வீட்டுக்குப் போன பிறகும் ரத்தமா வாந்தி எடுத்தா, கறுப்பா மலம் போனா, ஒரு நிமிஷம் தாமதிக்காம வரணும்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பயம் அவர்களோடு குடித்தனம் நடத்தியது. மூக்கில் குழாயோடு வாண்டு கட்டிலில் கிடந்தான். அவன் இருமினால் மனைவி எழுந்து நிற்பாள். இருமாவிட்டாலும் எழுந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். டிரைவிங் ஸ்கூல்காரர் தினமும் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து விட்டுப் போவார். ஒருநாள் மகள் கட்டிலுக்கு எட்டத்தில் நின்றபோது, மனைவி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அவள் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "உன்மேல கோவம் இல்லடி. அம்மாவுக்குப் பயம்டி. பயம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வாண்டு வீட்டுக்கு வந்தான். உணவுக்குழாய் ஒரு இடத்தில் சுருங்கியிருக்கிறது, அவ்வப்போது வந்து விரித்துவிட வேண்டும் என்றார்கள். கஞ்சி, மசித்த சாதம், கூழ். கம்மிய குரல் மெல்லத் திரும்பியது. பூதத்தை அப்பன் முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கூடத்தில் ஒப்படைத்துவிட்டான். இப்போது பேட்டரி தீர்ந்தால் அவனே கழற்றி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பூட்டு வைத்த டப்பாவில் அலமாரி உச்சியில் வைக்கிறான்.

ஒரு விஷயம் அவனுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மூன்று வாளிகளிலும் குப்பை குறைந்துபோயிருந்தது. டீச்சரம்மா யாரையும் அதட்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அறையில் ஏதோ வாடை. மோந்துகொண்டே போனவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பள்ளிக்கூடப் பையை இழுத்தான். உள்ளே கறுத்துப்போன பழத்தோல்கள், பிஸ்கட் கவர்கள், தீர்ந்த பேனா, உடைந்த கிளிப், தம்பியின் மருந்து ஊற்றிக் கொடுக்கும் சின்னக் கப்புகள். அத்தனை நாள் அவள் எதையும் எந்த வாளியிலும் போடவே இல்லை.

"ஏன்மா?"

"தப்பா போட்டுட்டா?" என்றாள் அவள். கண் அகன்றிருந்தது. "எதைத் தப்பா போட்டா யாருக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியலப்பா."

அவன் வேலைக்குப் போட்டிருந்த முகத்தை, வீட்டுக்குப் போட்டிருந்த முகத்தை, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பழைய செய்தித்தாளை விரித்தான். பையைக் கவிழ்த்தான்.

"வா. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். எனக்கும் சிலது தெரியாது. தெரியாததை ஓரமா வைப்போம். அவசரமே இல்ல."

அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். முதலில் ஒரு தோலை எடுத்தாள். "பச்சை" என்றாள், கேள்வி மாதிரி. "ஆமா" என்றான். அடுத்தது கவர். அடுத்தது பேனா, பேனாவுக்குள் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அதைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்த அந்த நேரம் பார்த்து, கதவைத் தள்ளிக்கொண்டு வாண்டு உள்ளே ஓடி வந்தான். மினுமினுப்பைப் பார்த்துவிட்டான். "எனக்கு!" என்று கையை நீட்டினான்.

"கிட்ட வராத!"

மகளின் அந்த அலறலில் அப்பனே திடுக்கிட்டுப் போனான். மகள் ஸ்பிரிங்கை இறுக்கி மூடிய கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு மூலையில் ஒண்டியிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாண்டு ஒரு கணம் விழித்தான், பிறகு ஓவென்று அழத் தொடங்கினான். சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். வாசலில் நின்று மூவரையும் பார்த்தாள். சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாடா, நாம மாடிக்குப் போய்க் காக்கா பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். அழுகை படிகளில் தேய்ந்துகொண்டே போனது.

அவன் உள்ளங்கையை நீட்டினான். அவள் மெல்ல விரல்களைப் பிரித்து ஸ்பிரிங்கை அதில் வைத்தாள். அது அவள் தோலில் அழுந்தி, சிவப்பாக ஒரு சுருள் தடம் பதிந்திருந்தது.

"இது எதுல போகும்ப்பா?"

"இரும்பு. தனியா வைக்கணும். நான் எடுத்துட்டுப் போறேன்" என்று சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினான். "அடுத்ததை எடு."

அவள் சாத்திய கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு மருந்துக் கப்பை எடுத்தாள்.